பேய்க்கிணத்துல 38 மீன்

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி சுமாருக்கு நான் பனியனோட உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுட்டு இருந்தேன். அப்ப எனக்கு நைட் ஷிஃப்ட், அதனால அதுதான் காலை டிபன் மாதிரி. ஹால்ல இருந்து அம்மா குரல்: "டேய், உன் மீன் தொட்டி ஏன்டா இப்படி ஆடுது?"

எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா தொட்டி ஆடல, தண்ணி மட்டும்தான் ஆடுது. ரெண்டடி டேங்க், இந்தப் பக்கம் கண்ணாடியில ஒரு விரக்கடை ஏறுது, அப்படியே நின்னு யோசிக்கிற மாதிரி நின்னுட்டு அந்தப் பக்கம் போய் ஏறுது. சத்தமே இல்ல. கை கழுவாம அப்படியே நின்னு பார்த்துட்டு இருந்தேன், அப்புறம்தான் மேல ஃபேனைப் பார்த்தேன், அதுவும் ஊஞ்சல் மாதிரி லேசா போய் வருது. அதுக்குள்ள படிக்கட்டுல தடதடன்னு ஆளுங்க இறங்குற சத்தம், கீழ் வீட்டு ஆன்ட்டி "எல்லாரும் இறங்குங்க"ன்னு கத்துறாங்க, 2004 யாருக்குத்தான் மறந்திருக்கும். சுமத்ரா பக்கம் கடலுக்கடியில 8.6 அளவு நிலநடுக்கம். நல்லவேளை அந்தத் தடவை பெருசா சுனாமி வரல.

ஒரு மணி நேரம் ரோட்ல நின்னுட்டு மேல வந்து பார்த்தா என் கப்பி மீன் பதினெட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குப் பின்னாடி அடியில ஒரே குவியலா ஒட்டிக்கிட்டு இருக்கு. சாப்பாடு போட்டும் வரல. சாயங்காலம்தான் ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. மறுநாள் ராத்திரி ஒரு பெண் மீன் குட்டி போட்டுருச்சு, அதுக்கு இன்னும் நாள் இருந்துச்சுன்னுதான் நான் நினைச்சிருந்தேன். கொளத்தூர்ல நான் மீன் வாங்குற கடை பாய் சிரிச்சுட்டே, "பயத்துல போட்டிருக்கும் தம்பி, தண்ணி மாத்தினாலே போடும் அதுங்க"ன்னார்.

இந்தக் கதைய இத்தனை வருஷம் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, சொல்ற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா இதுக்குச் சுமார் மூணு வாரம் முன்னாடி, மார்ச் 20ஆம் தேதி, உலகத்தோட இன்னொரு மூலையில இதே ஆட்டம் இதைவிடப் பல மடங்கு பெருசா நடந்திருக்கு, அதுவும் என் கப்பிக்கு தூரத்துச் சொந்தமான ஒரு மீன் மேல (ரெண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த இனம், சும்மா சொல்லல). அந்த வீடியோவ ரொம்ப லேட்டாதான் பார்த்தேன். பார்த்ததுல இருந்து இந்த மீன் என்னை விடல.

அமெரிக்காவுல நெவாடா மாநிலம், ஆஷ் மெடோஸ்னு ஒரு பாலைவனப் பகுதி, டெத் வேலிக்குப் பக்கம். அங்க ஒரு பாறைக் குன்றோட அடிவாரத்துல ஒரு பிளவு, பேரு டெவில்ஸ் ஹோல். நம்ம ஊர்ல இருந்திருந்தா பேய்க்கிணறுன்னு சொல்லி குழந்தைகள அந்தப் பக்கமே விட மாட்டாங்க. தரைமட்டத்துல இருந்து சுமார் 15 மீட்டர் கீழ தண்ணி. மேல பார்த்தா மூணு நாலு மீட்டர் அகலம், ஒரு இருபது மீட்டர் நீளம், அவ்வளவுதான் குளம். ஆனா ஆழம்? டைவர்ஸ் 130 மீட்டருக்கு மேல இறங்கிப் பார்த்துட்டாங்க, அடி தட்டல. 1965ல உள்ள இறங்கின ரெண்டு பசங்க திரும்பி வரவே இல்ல, உடம்பும் கிடைக்கல.

தண்ணி வருஷம் பூரா 33, 34 டிகிரி. ஆக்சிஜன் ரொம்பக் கம்மி. கப்பிக்கு 30ஐத் தாண்டினா நான் ஏர் பம்ப்பை ஃபுல்லா வச்சுட்டு ஐஸ் பாட்டில் மிதக்க விடுற ஆளு, அதனால இந்த நம்பரைப் படிச்சதும் எனக்கு மூச்சு முட்டுச்சு. இந்த வெந்நீர்லதான் டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷ்னு ஒரு மீன் வாழுது. மூணு சென்டிமீட்டர் கூட வராது. ஆண் மீன் பளபளன்னு நீலம். வயித்துப் பக்கத்துல மத்த மீனுக்கு இருக்குற ஜோடித் துடுப்பு இதுக்குக் கிடையாது. ஆயுசு ஒரு வருஷம் சுமாரு. உலகத்துல வேற எங்கயும் இயற்கையா இந்த மீன் இல்ல, இந்த ஒரு பொந்துல மட்டும்தான்.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். குளம் அவ்வளவு ஆழமா இருந்தாலும் இந்த மீனோட உண்மையான வீடு ஒரு படி. கோயில் குளத்துல தண்ணிக்குள்ள முதல் படி இருக்கும்ல, பாசி பிடிச்சு வழுக்கிட்டு, அந்த மாதிரி ஒரு ஓரத்துல ஒரு பாறைத் திட்டு, சின்ன பெட்ரூம் அளவுக்கு, முழங்காலளவு தண்ணியில. வெயில் படுறது அங்க மட்டும்தான், அதனால பாசி வளர்றது அங்கதான், அந்தப் பாசியிலதான் சாப்பாடு, அந்தத் திட்டுலதான் முட்டை. திட்டு தாண்டினா கன்னங்கரேல்னு கிணறு. வெயிலும் கோடையில ஒரு சில மணி நேரம்தான், குளிர்காலத்துல ரெண்டு மாசத்துக்கு மேல நேரடி வெயில் ஒரு பொட்டுகூட விழாது, குன்று மறைச்சிடும். ராத்திரியில அங்க வந்து உட்கார்ற ஆந்தை துப்புற எச்சம்கூட அந்தத் தண்ணிக்கு உரம். அவ்வளவு இறுக்கமான குடும்ப பட்ஜெட்.

இப்ப நிலநடுக்கம். இதோட வேடிக்கை என்னன்னா நெவாடாவுல பூமி ஆட வேண்டிய அவசியமே இல்ல. 2012 மார்ச்ல ஆடினது மெக்ஸிகோ, 7.4. 2018 ஜனவரியில அலாஸ்கா பக்கம் கடல்ல, 7.9. 2022 செப்டம்பர் 19 மறுபடி மெக்ஸிகோ, 7.6, கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர் தள்ளி, சென்னைக்கும் காஷ்மீருக்கும் இருக்குற தூரம்னு வச்சுக்கங்க. கிணத்துக் கரையில நிக்கிற ஆளுக்குக் கால்ல ஒரு அதிர்வும் தெரியாது. ஆனா அரை மணி நேரத்துக்குள்ள உள்ள தண்ணி எழும்ப ஆரம்பிச்சுரும். 2022ல நாலடி உயரத்துக்கு அலை. பாலைவனத்துல சுனாமின்னு அங்க செய்தில போட்டாங்க, மிகைதான், ஆனா மூணு சென்டிமீட்டர் மீனோட கண்ணுல இருந்து பார்த்தா மிகை இல்ல.

ஏன் இப்படின்னா, குடத்துல தண்ணி எடுத்துட்டு நடந்தவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். நம்ம நடையும் குடத்துத் தண்ணியோட ஆட்டமும் ஒரே தாளத்துல சேர்ந்துட்டா போச்சு, இடுப்பு வரைக்கும் நனைஞ்சிரும், மெதுவா நடந்தாலும். பெரிய நிலநடுக்கத்துல இருந்து கிளம்புற நீளமான மெதுவான அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும், மனுஷனுக்குத் தெரியாத அளவுக்குத் தரையை ஏத்தி இறக்கிட்டே போகும். அது போற வழியில இந்த மாதிரி ஆழமான தண்ணி நிரம்பின குகை, அதுவும் கீழ சுண்ணாம்புப் பாறைக்குள்ள பெரிய நிலத்தடி நீர்த் தேக்கத்தோட தொடர்புல இருக்குற குகை இருந்தா, தாளம் சேர்ந்துக்கும். 2004 டிசம்பர் 26 அன்னைக்குக்கூட சுனாமியே போகாத மேற்கு வங்கம், வங்கதேசத்து உள்நாட்டுக் குளங்கள்ல தண்ணி இப்படித்தான் கரையில மோதிச்சு.

2012 வீடியோவுக்கு வர்றேன். அரிசோனா பல்கலைக்கழகத்து ஆளுங்க அன்னைக்கு மீனைக் கவனிக்கத்தான் அங்க இறங்கியிருக்காங்க, யதேச்சையா கேமராவும் கையில இருந்திருக்கு. முதல்ல ஒண்ணுமே இல்ல, பச்சைத் தண்ணி, அசையாம கண்ணாடி மாதிரி. அப்புறம் திட்டு மேல தண்ணி வடியுது, நம்ம பீச்ல காலுக்கடியில மணல உருவிட்டுப் போகுமே அப்படி, பாறை தெரியுது, அப்புறம் திரும்பி வருது, அடுத்த தடவை இன்னும் மேல. பாசியெல்லாம் பாய் சுருட்டின மாதிரி பிஞ்சு கிணத்துக்குள்ள போகுது. ஆராய்ச்சி பண்ண வந்தவங்க நின்னு பார்க்கறாங்க. மீன்? ஒண்ணையும் காணோம். எல்லாம் ஆழத்துக்கு இறங்கிருச்சு. என் கப்பி ஃபில்டருக்குப் பின்னாடி போன மாதிரி.

பெரிய மீனுக்கு அதிகம் ஆபத்தில்ல, கீழ போய் தப்பிச்சுரும். போறது முட்டையும், அப்பத்தான் பொரிச்ச குஞ்சும், அதுக்கு மேல முக்கியமா பாசியும், பாசிக்குள்ள இருக்குற சின்னச் சின்னப் பூச்சிங்களும். வீடு தப்பிச்சுது, சமையல்கட்டு போச்சு. ஆனா இதே ஆட்டத்துல ஒரு நல்லதும் நடக்குது. திட்டுல மாசக்கணக்கா படிஞ்சு அழுகிட்டு ஆக்சிஜனை உறிஞ்சிட்டு இருக்குற மட்கெல்லாம் அடிச்சுட்டுப் போயிருது. தூர் வாரின மாதிரி. அதுமட்டுமில்ல, அலை அடங்கினதும் மீனுங்க மேல வந்து வழக்கத்தைவிட அதிகமா முட்டையிட ஆரம்பிக்கிறத அங்க இருக்குற உயிரியலாளர்களே பார்த்திருக்காங்க. இதப் படிச்சப்பதான் பாய் சொன்னது ஞாபகம் வந்துச்சு. பயத்துலதான் போடுதான்னு எனக்கு இப்ப சந்தேகம், கலங்கி அடங்கின தண்ணி அதுங்களுக்கு வேற ஏதோ சொல்லுது போல.

அப்ப நிலநடுக்கம் நல்லதா கெட்டதா? எந்த மாசம் வந்துச்சுன்னு முதல்ல கேக்கணும். 2022 செப்டம்பர் ஆட்டத்துக்கு அப்புறம் மீன் அழிஞ்சு போகல, 2024 வசந்தகாலக் கணக்கெடுப்புல 191 இருந்துச்சு, 25 வருஷத்துல அந்த சீசனுக்கு அதுதான் அதிகம், இலையுதிர்காலத்துல 212. எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. 2024 டிசம்பர் 5, கலிபோர்னியாவோட வடக்குக் கடலோரத்துல 7.0. எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி. அலை ரெண்டடிதான், 2022ல பாதி. ஆனா டிசம்பர். வெயிலே விழாத மாசம். அடிச்சுட்டுப் போன பாசி திரும்ப வளர ஒரு வழியும் இல்ல. 2025 வசந்தகாலத்துல எண்ணினப்ப 38.

212ல இருந்து 38. நான் அந்த நம்பரை ஆபீஸ் பஸ்ல மொபைல்ல பார்த்துட்டு பக்கத்துல இருந்த ஆளுகிட்ட சொன்னேன். "38 ஆயிரமா?"ன்னு கேட்டார். இல்ல சார், முப்பத்தெட்டு. அவர் ஒரு மாதிரி பார்த்துட்டு ஹெட்செட்டை மாட்டிக்கிட்டார்.

எனக்கு இதுல உறுத்தறது நிலநடுக்கம் இல்ல. இந்த மீன் அந்தப் பொந்துல எத்தனை காலமா இருக்குன்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள சண்டை, சிலர் சில நூறு வருஷம்ங்கறாங்க, சிலர் பத்தாயிரத்துக்கு மேலங்கறாங்க. கம்மிக் கணக்கையே எடுத்துக்கிட்டாலும் அத்தனை வருஷத்துல மெக்ஸிகோவும் அலாஸ்காவும் கலிபோர்னியாவும் எத்தனை தடவை ஆடியிருக்கும்? குளிர்காலத்துலயும்தான் ஆடியிருக்கும். ஒவ்வொரு தடவையும் சமையல்கட்டு போய், மிச்சம் இருந்ததுங்க பட்டினி கிடந்து, வெயில் வந்ததும் மறுபடி பெருகியிருக்கும். ஆட்டம் அதேதான். ஆடுறப்ப கையில எவ்வளவு மிச்சம் இருக்குங்கறதுதான் மாறிப்போச்சு.

மாத்தினது நம்ம ஆளுங்க, அதாவது மனுஷங்க. 1960களோட கடைசியில பக்கத்துல ஒரு பெரிய பண்ணை, ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்ச ஆரம்பிச்சாங்க. பேய்க்கிணத்துல தண்ணி மட்டம் இறங்குது, அந்தப் பெட்ரூம் சைஸ் திட்டு வெளிய தெரிய ஆரம்பிச்சுருச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1976ல ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல தண்ணி மட்டத்தைக் காப்பாத்தணும்னு சொன்னாங்க. அந்தச் சமயத்துல ஊர்ல கார்ல ஒட்டுற ஸ்டிக்கர் ரெண்டு விதம், ஒண்ணு மீனைக் காப்பாத்துங்கன்னு, இன்னொண்ணு மீனைக் கொல்லுங்கன்னு. ஒரு விரல் நீள மீனுக்கு எதிரா ஸ்டிக்கர் அடிச்ச ஊர். (போர் போட்டு போர் போட்டு பக்கத்து வீட்டுக் கிணத்தை வத்த வச்ச ஊர்ல இருந்து எழுதுறேன், அதனால ரொம்ப சிரிக்க முடியல.) தீர்ப்பு வந்தும் தண்ணி பழைய மட்டத்துக்கு முழுசா திரும்பல. 1990கள் வரைக்கும் சில நூறு மீன் இருந்த இடம், அப்புறம் சரிவு, 2013 ஏப்ரல்ல 35 வரைக்கும் போச்சு, 2025 கணக்கெடுப்பு வரைக்கும் அதுதான் ஆகக் குறைவு. அந்த 35க்குப் பக்கத்துலதான் 2025ல இந்த 38.

இப்படிக் கொஞ்சமா இருந்து இருந்து சொந்தத்துக்குள்ளயே கலந்துக்கிட்டதுல இன்னொரு கஷ்டம். எட்டு மீனோட மரபணுவ எடுத்துப் பார்த்ததுல சராசரியா 58 சதவீதம் அச்சு அசலா ஒண்ணுபோல இருந்துச்சாம். கப்பி வளர்க்கறவங்களுக்கு இது தெரியும், ஒரே தொட்டியில நாலஞ்சு தலைமுறை விட்டா முதுகு வளைஞ்ச குட்டியா வர ஆரம்பிக்கும், அப்ப கொளத்தூர் போய் புது ரத்தம் ஒரு ஜோடி வாங்கிட்டு வந்து விடுவோம். இதுக்குக் கொளத்தூர் எங்க இருக்கு.

இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சா வேற எங்கெங்கயோ போய் நிக்கும். இத்தாலியில லாக்விலா ஊர், 2009 ஏப்ரல் 6, 6.3, முன்னூறு பேருக்கு மேல செத்துப்போனாங்க. அந்த நிலநடுக்கத்தோட சேர்ந்து உலகம் பூரா சுத்தினது ஒரு தேரைக் கதை. அங்க இருந்து 74 கிலோமீட்டர் தள்ளி சான் ருஃபினோன்னு ஒரு ஏரியில தேரைங்க இனப்பெருக்கத்துக்கு வர்றத ரேச்சல் கிரான்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் தினமும் எண்ணிட்டு இருந்திருக்காங்க. நிலநடுக்கத்துக்கு அஞ்சு நாள் முன்னாடி ஆண் தேரையில 96 சதவீதம் திடீர்னு காணோம். உடனே நம்ம ஃபேமிலி குரூப்ல மிருகங்களுக்கு முன்னாடியே தெரியும்னு ஃபார்வர்டு. பாறை நசுங்கும்போது வர்ற மின்னூட்டம் தண்ணியோட வேதியியல மாத்தியிருக்கலாம்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. இருக்கலாம். ஆனா ஒரு ஏரி, ஒரு வருஷம், அத வச்சு ஜோசியம் சொல்லக் கூடாதுங்கறது என் கட்சி.

அதே லாக்விலாவுல யாரும் ஃபார்வர்டு பண்ணாத இன்னொரு கதை இருக்கு, எனக்கு அதுதான் பெருசு. கிரான் சாசோ மலைக்குள்ள சுண்ணாம்புப் பாறை இடுக்குல பெரிய நிலத்தடி நீர்த் தேக்கம். அந்த இருட்டுக்குள்ள கோபிபாட்னு இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான மணலளவு ஜீவன்கள், கண்ணு கிடையாது, நிறம் கிடையாது, வெளிச்சத்தையே பார்க்காத வம்சம். மலையடிவாரத்துல திரினோ ஊற்றுல அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க நிலநடுக்கத்துக்கு முன்னாடியே இதுங்கள எண்ணி வச்சிருந்தாங்க, அதனால பின்னாடி ஒப்பிட முடிஞ்சுது. மலை குலுங்கினதும் உள்ள அழுத்தம் ஏறி ஊத்துல தண்ணி பீய்ச்சிட்டு வந்துச்சு, வண்டலோட சேர்த்து இதுங்களையும் வெளிய தள்ளிருச்சு. அதுக்கப்புறம் எண்ணினா எண்ணிக்கை சரிஞ்சு கிடக்கு. ரொம்ப மெதுவா இனப்பெருக்கம் பண்ற சாதி, சட்டுனு திரும்பாது. ஊர் இடிஞ்சு கிடக்கும்போது மலைக்குள்ள ஒரு ஊர் காலியானது யார் கண்ணுக்குத் தெரியும். எண்ணி வச்சிருந்ததாலதான் தெரிஞ்சுது.

நம்ம நாட்டுலயும் நடந்திருக்கு. பெங்களூர்ல ரூம்ல கூட இருந்த அஸ்ஸாம் பையன் அவங்க பாட்டி சொன்னதா ஒண்ணு சொல்வான், 1950 ஆகஸ்ட் 15, நாடெல்லாம் சுதந்திர தினம் கொண்டாடின அன்னைக்கு ராத்திரி, 8.6, மலைங்க சரிஞ்சு ஆத்துல விழுந்து பிரம்மபுத்திரா கஞ்சி மாதிரி ஓடிச்சாம், மரமும் சேறும் செத்த மீனுமா. சுபன்சிரி ஆத்தை மலைச்சரிவு அடைச்சு, சில நாள் கழிச்சு அந்தத் தடுப்பு உடைஞ்சு வெள்ளம். செவுள்ல சேறு அடைச்சா மீன் தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிச் சாகும். திப்ருகர் பக்கம் ஆத்தோட படுகையே மேல ஏறிருச்சு, அப்புறம் வருஷா வருஷம் கரை அரிப்புதான். ஆனா இதே அஸ்ஸாம்ல 1897 நிலநடுக்கத்துல ஒரு காடு அப்படியே அமிழ்ந்து சாந்துபி ஏரி உண்டாச்சு, இப்ப அங்க குளிர்காலத்துல வலசைப் பறவை வருது, ஜனங்க படகுல போய் பிக்னிக் கொண்டாடுறாங்க. பூமி ஒரு இடத்துல பிடுங்கி இன்னொரு இடத்துல வைக்குது. ஆறு நீளமானது, மீன் மேலயோ கீழயோ போய்க்கும். பேய்க்கிணத்து மீனுக்குப் போக இடம் இல்ல, அதான் வித்தியாசம்.

எண்ணிக்கை இப்படிச் சரிஞ்சதுக்கு என்ன பண்ணாங்கன்னா, வருஷக்கணக்கா ஒரு ஏற்பாடு தயாரா இருந்துச்சு. பக்கத்துலயே டெவில்ஸ் ஹோலைக் காப்பியடிச்சு ஒரு பெரிய தொட்டி, கிட்டத்தட்ட நாலு லட்சம் லிட்டர், அதே மாதிரி திட்டு, மீனுக்குக் கஷ்டம் குறையட்டும்னு சூடு மட்டும் கொஞ்சம் கம்மி, ஆக்சிஜன் கொஞ்சம் அதிகம். அவ்வளவு கோடி கொட்டியும் ஆரம்பத்துல குஞ்சு தங்கல, ராத்திரி கேமரா வச்சுப் பார்த்தா ஒரு சின்ன வண்டு, அந்தப் பொந்துல இருந்தே கூட வந்தது, முட்டையெல்லாம் தின்னுட்டு இருந்திருக்கு. மீன் வளர்க்கற எவனும் இதப் படிச்சுட்டு தலையில கை வச்சுக்குவான், ஏன்னா எல்லாருக்கும் இப்படி ஒரு கதை இருக்கு, என் தொட்டியில அது நத்தை. அந்தத் தொட்டி மீன்ல கொஞ்சத்த 2025ல கிணத்துல விட்டாங்க, கூடவே தீனியும் கூடுதலா போட்டாங்க. காட்டு மீனுக்கு ரேஷன் கடை.

அங்க மீன் எண்ணுற விதத்தைச் சொல்லாம விட முடியாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை. டைவர்ஸ் ஆழத்துக்கு இறங்கி, ஒரு லைட்டோட, கீழ இருந்து மேல எண்ணிட்டே வருவாங்க. அதே நேரத்துல மேல திட்டுக்குக் குறுக்க பலகை மாதிரி ஒரு மேடை போட்டு, அதுல குப்புறப் படுத்துக்கிட்டு ஆளுங்க தண்ணிக்கு ஒரு முழம் மேல முகத்தை வச்சு எண்ணுவாங்க. நிழல் விழக்கூடாது, பேசக்கூடாது. நானும் தொட்டி முன்னாடி இப்படி உட்கார்ந்து எண்ணியிருக்கேன், பதினெட்டா பதினேழா, ஒண்ணு ஃபில்டருக்குப் பின்னாடி இருக்கும், அது வெளிய வந்து இன்னொண்ணு உள்ள போகும், திரும்ப ஒண்ணுல இருந்து. அம்மா சமையல்கட்டுல இருந்து, "என்னடா, எல்லாம் இருக்கா?"ம்பாங்க. இரும்மா, எண்ணிட்டு இருக்கேன்.